கழுத்தில் ஒரு கழலை

வாளையாற்றுக்கு அப்பால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதிகளிலும், போடிமெட்டைத் தாண்டித் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு ஆகிய மலைப் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் இன்று மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் தொழில் பார்க்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு ஊரிலிருந்து இப்படியொரு செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம்: "அம்மாவுக்கு உடம்பு அசதியென்று டவுனுக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். கழுத்தை ஸ்கேன் எடுத்ததில் தைராய்டிலே ஆறு மில்லிமீட்டரில் ஒரு கட்டி தெரிகிறதாம். புற்றுநோயாக இருக்கலாமாம். ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொல்கிறார்கள். நீ எப்போது வருகிறாய்?"

கேட்ட மகன் அன்றிரவு உறங்கமாட்டான். புற்றுநோய் என்ற சொல் அத்தகையது. ஆயினும், கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிவந்த தைராய்டுப் புற்று ஆராய்ச்சிகளைப் படித்தவர்கள், அவனிடம் சில கேள்விகளைக் கேட்கச் சொல்வார்கள். அக்கேள்விகள் எவை, அவை எங்கிருந்து பிறந்தன என்பதையே ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

முதலிற் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எல்லைப்புறத்துத் தமிழருக்கு இந்த நோய் மூன்று பெயர்களில் வந்து சேர்கிறது. வீட்டிலுள்ள முதியோர் கழுத்தில் எந்த வீக்கம் கண்டாலும் கண்டமாலை என்பர். அண்டை வீட்டு மலையாளி தொண்டமுழ என்பார். ஸ்கேன் அறிக்கையில் நாடுல் என்று அச்சடித்திருக்கும். மூன்றும் ஒன்றல்ல. கண்டமாலை என்பது பெரும்பாலும் கழுத்தின் பக்கங்களில் மாலைபோல் வரிசையாக வீங்கும் நெறிகளைக் குறிக்கும் பழம்பெயர். காசநோயினாலும் அது வருவதுண்டு. தொண்டமுழ என்பது தைராய்டுச் சுரப்பி முழுவதுமோ ஒரு பகுதியோ பெருத்துக் கண்ணுக்குத் தெரியும் கழலை. நாடுல் என்பதோ அச்சுரப்பிக்குள் இருக்கும் சிறு முடிச்சு. கைக்குத் தட்டுப்படாத அளவினதாகவும் அது இருக்கலாம். கண்டமாலைக்கு மருந்து சொன்னவர் நாடுலுக்கும் அதையே சொன்னால், அவர் வேறொரு நோய்க்கு மருந்து சொல்லுகிறார் என்று கொள்க.

தைராய்டு, நாளமில்லாச் சுரப்பிகளுள் ஒன்று. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின் இருபுறமும் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல் அமர்ந்திருக்கிறது. வளர்ந்தவர்க்கு அதன் எடை ஏறத்தாழ இருபது கிராம். இரத்தத்திலிருந்து அயோடினைப் பிரித்தெடுத்து அது சமைக்கும் தைராக்சின் என்ற சுரப்புநீர், உடலின் சூட்டையும், இதயத் துடிப்பின் வேகத்தையும், குழந்தையின் மூளை வளர்ச்சியையும் ஆள்கிறது. நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் ஒரு கிராமில் பதினாயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு, 150 மைக்ரோகிராம். அந்த இம்மியும் கிடைக்காதபோது சுரப்பி தன்னைப் பெருக்கிக்கொண்டு ஈடுகட்ட முயல்கிறது. மழை மிகுந்து மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிச் செல்லும் மலைநாடுகளில் கழலை மிகுவதற்கு இதுவே காரணம். 1956ஆம் ஆண்டு இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் ராமலிங்கசுவாமி தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் கலந்த உப்பினால் இக்கழலையைத் தடுக்கலாம் என்பதை நம் நாட்டிலேயே மெய்ப்பித்தது. அதன் பயனாக 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. மரவள்ளிக் கிழங்கை மிகுதியாக உண்போர்க்கு அயோடினும் குறைந்தால் கழலை வலுக்கும் என்பதும் அறியப்பட்ட செய்தி. கப்பையும் மீனுமாக உண்ணும் மலையாள வழக்கத்தில், அறியாமலே ஒரு சமன்பாடு அமைந்திருக்கிறது. கடல்மீன் அயோடின் தருவது. கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீனை விலக்கியவர் உப்புப் பொட்டலத்தைச் சற்றுக் கவனித்து வாங்குதல் நலம்.

உப்புக் கழலை ஒருபுறம் நிற்க. மகனுக்கு வந்த செய்தி உப்பைப் பற்றியதன்று; முடிச்சைப் பற்றியது.

தைராய்டில் முடிச்சு தோன்றுவது வெகு சாதாரணம். கையால் தடவிப் பார்த்தால் நூறு பெண்களில் ஏறத்தாழ ஐவருக்கு மட்டுமே தட்டுப்படும் முடிச்சு, ஒலியலைக் கருவியை, அதாவது மக்கள் ஸ்கேன் என்று சொல்வதை, வைத்துப் பார்த்தால் அதனினும் பன்மடங்கானவர்களிடம் தென்படுகிறது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும். அம்முடிச்சுகளிற் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆராயப்பட வேண்டியவை என்று தேர்ந்தெடுத்தவற்றிலும், நூற்றுக்கு ஏழு முதல் பதினைந்து வரையே புற்றாக முடிகின்றன.

புற்றாக முடிந்தவற்றிலும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை பாப்பிலரி என்னும் வகையைச் சேர்ந்தவை. மிக மெல்ல வளர்வது இவ்வகையின் இயல்பு. எவ்வளவு மெல்ல என்பதற்குப் பின்லாந்து தேசத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி சான்று. வேறு காரணங்களால் இறந்துபோன 101 பேருடைய தைராய்டுச் சுரப்பிகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக நறுக்கி நுண்பெருக்கியில் பார்த்தார்கள். 36 பேரிடம் சிறு பாப்பிலரிப் புற்று இருந்தது. இம்முடிவு 1985இல் வெளிவந்தது. மூவரில் ஒருவர் தம் கழுத்தில் புற்றை வைத்துக்கொண்டே, அதை அறியாமலே வாழ்ந்து, அதனால் அல்லாமல் வேறொன்றால் இறந்திருக்கின்றனர். இச்செய்தி அப்போது வல்லுநர்களிடையே மட்டும் உலவிற்று. அதன் முழுப்பொருளை உலகம் உணர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

உணர்த்தியது தென்கொரியா. அங்கே 1999இல் அரசாங்கம் மார்பகம், கருப்பை வாய், இரைப்பை முதலிய சில புற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறியும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. தைராய்டு அத்திட்டத்தில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், சிறு தொகை கொடுத்தால் கழுத்தையும் ஒலியலைக் கருவியால் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் கூறின. யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? விளைவு என்னவென்றால், 1993இல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு தைராய்டுப் புற்று 2011இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயாளிகள் ஆயினர். அந்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் என்ற இடத்தை அது பிடித்துக்கொண்டது. இவ்வளவுக்கும், அப்புற்றினால் இறந்தோர் தொகை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆண்டுக்கு முந்நூறு நானூறு என்ற அளவிலேயே அது நின்றது.

இதை ஆன் என்ற கொரிய ஆராய்ச்சியாளரும், அமெரிக்காவைச் சேர்ந்த வெல்ச் என்பவரும் மற்றொருவருமாக 2014இல் எழுதி வெளியிட்டனர். அவர்களுடைய தருக்கம் எளிமையானது. உண்மையான கொள்ளைநோய் பரவியிருந்தால் இறப்பும் கூடியிருக்க வேண்டும். முன்கூட்டியே கண்டறிந்ததால் உயிர்கள் காக்கப்பட்டிருந்தால் இறப்புக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நிகழவில்லையென்றால், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை, இருந்தும் தீங்கு செய்யாமல் கிடந்த புற்றுகளே. இதற்கு மிகை நிர்ணயம் என்று பெயர். அதாவது, நோய் நிர்ணயம் பிழையானதன்று. நுண்பெருக்கியின் கீழ் அது புற்றுதான். ஆனால் அதை அறியாமல் இருந்திருந்தால் நோயாளிக்கு ஒரு குறையும் வந்திராது.

குறை வந்ததோ அறுவையினால். கொரியாவில் கண்டுபிடிக்கப்பட்டோர் ஏறக்குறைய அனைவரும் சுரப்பி முழுவதையோ பகுதியையோ இழந்தனர். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குப் பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் செயலிழந்தன. இருவருக்குக் குரல் நரம்பு கெட்டது. நெல்மணி போன்ற அந்நான்கு சிறு சுரப்பிகள் தைராய்டின் பின்புறத்தில் ஒட்டிக் கிடப்பவை; இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை நிலைநிறுத்துபவை. அவை போனால் விரல் மரத்துப்போதல், கை கோணி இழுத்தல் எனத் தொல்லைகள் தொடரும். இது வெளியானபின் மக்கள் ஸ்கேன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டனர். ஓராண்டிலேயே அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

கொரியா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று கேட்கலாம். கேரளத்தில் கதை வேறாக இல்லை. திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையம், அம்மாவட்டத்தில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களையெல்லாம் ஒரு பதிவேட்டில் குறித்து வருகிறது. இந்தியப் பதிவேடுகளுள் தைராய்டுப் புற்று மிகுந்து காணப்பட்டவற்றில் அது முன்வரிசையில் நின்றது. கேரளத்தைச் சேர்ந்த புற்றுநோய் மருத்துவர் அஜு மாத்யு இன்னொருவருடன் சேர்ந்து இப்பதிவேட்டை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்தியாவில் பெருகிவரும் தைராய்டுப் புற்று மிகை நிர்ணயத்தின் கொள்ளைநோய்தானா என்ற கேள்வியையே அக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருந்தார். கண்டுபிடிப்புகள் விரைந்து ஏறியிருக்க, இறப்புகள் அவற்றோடு சேர்ந்து ஏறவில்லை என்பதே அவர் கண்டது.

இதற்கு வேறு விளக்கங்களும் சொல்லப்பட்டதுண்டு. கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலினால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி என்பது யாவரும் அறிந்தது. அதுதான் கேரளத்தின் புற்றுகளுக்குக் காரணம் என்று பலர் நம்பினர். ஆனால் அங்கே எழுபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்களைச் சராசரி பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அக்கதிர்வீச்சினால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணலைக் குற்றம் சாட்டுவது எளிது. ஸ்கேன் கருவியைக் குற்றம் சாட்ட மனம் வருவதில்லை, அது நமக்கு நன்மை செய்ய வந்ததென்பதால்.

மேற்சொன்ன பதிவேடு தெற்கே திருவனந்தபுரத்தினது. பாலக்காட்டினதும் இடுக்கியினதும் அன்று. ஆயினும் அங்கு நிகழ்ந்ததற்குக் காரணமாயிருந்த கருவி, இன்று மலையடிவாரச் சிறு நகரங்களிலும் உண்டு. முழு உடற் பரிசோதனை என்ற பெயரில் இரத்தம், சிறுநீர், மார்பு, வயிறு, கழுத்து என்று ஒரே கட்டணத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் வழக்கமும் உடன் வந்திருக்கிறது. வெளிமாநிலத்தில் சம்பாதிக்கும் பிள்ளை, ஊருக்கு வர இயலாத குறையைப் போக்கிக்கொள்ளத் தாய்தந்தையருக்கு அதையொரு பரிசாகவே செய்து வைக்கிறான். அன்பினால் செய்வதுதான். ஆனால் நோய்க்குறி ஒன்றும் இல்லாதவருடைய கழுத்தைப் புற்றுக்காகத் துழாவ வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழுவே 2017இல் அறிவுறுத்தியிருக்கிறது.

சரி, பார்த்தாகிவிட்டது, ஆறு மில்லிமீட்டர் முடிச்சும் தெரிந்துவிட்டது; இனி என்ன செய்வது? இதற்கு விடை சொன்னவர்கள் ஜப்பானியர். கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993ஆம் ஆண்டு மியாவுச்சி என்ற மருத்துவர் ஒரு துணிவான யோசனையை முன்வைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பிலரிப் புற்று என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியான பின்பும், அறுக்காமல், குறித்த காலங்களில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தால் என்ன? வளர்ந்தால் அப்போது அறுப்போம் என்பது அவர் கருத்து. புற்று என்று தெரிந்தும் சும்மா இருப்பதா என்று பலர் அஞ்சியிருப்பர். 2014இல் அம்மருத்துவமனையார் 1,235 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். பத்தாண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது நூற்றுக்கு எட்டுப் பேரிடம். கழுத்து நெறிகளுக்குப் பரவியது நூற்றுக்கு நால்வருக்கும் குறைவானவரிடம். அவர்களுக்குப் பின்னர் அறுவை செய்தனர். தைராய்டுப் புற்றினால் ஒருவரும் இறக்கவில்லை. இன்னொரு வியப்பு என்னவெனில், முதியவர்களிடமே கட்டி மிகக் குறைவாக வளர்ந்தது. நாற்பதுக்கு உட்பட்டவர்களிடம் சற்று மிகுதி. நம் கதையில் வரும் அறுபது வயதுத் தாயாருக்கு இது ஆறுதலான செய்தி.

ஜப்பானில் எளிதாக இருப்பது எல்லாமும் மலைத் தோட்டத்தில் எளிதாகுமா என்ற கேள்வி நியாயமானது. கவனித்து வருதல் என்றால், முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் வந்தே ஆக வேண்டும். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி மூணாற்றிலிருந்து தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ போய்வர ஒரு நாட்கூலியும் பேருந்துக் கட்டணமும் போய்விடும். ஒரேயடியாக எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று அவள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் எடுத்துவிட்டால் தொல்லை தீர்வதில்லை என்பதையும் யாரேனும் அவளுக்குச் சொல்ல வேண்டும். சுரப்பி முழுவதும் போனபின் தைராக்சின் மாத்திரையை ஆயுள் முழுவதும், ஒவ்வொரு நாளும், வெறும் வயிற்றில் விழுங்கியாக வேண்டும். விடியலில் தேநீர் குடித்துவிட்டு மலையேறுபவர்கள், மாத்திரைக்குப் பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் அந்தத் தேநீரைத் தள்ளிப்போட வேண்டும். மாத்திரையின் அளவு சரிதானா என்று இரத்தம் சோதிக்க அதே பேருந்தில்தான் மீண்டும் போக வேண்டும்.

இடையில் ஒரு வழியும் உண்டு. அறுவை வேண்டுமென்றே ஆனாலும், சிறிய, ஒருபுறத்தில் மட்டும் உள்ள புற்றுக்குச் சுரப்பியில் பாதியை எடுத்தாற் போதும். மீதிப் பாதி பலருக்கு மாத்திரை இல்லாமலே வேலை செய்யும். பாதியா முழுவதா என்பது நோயாளி கேட்க உரிமையுள்ள கேள்வி. அவ்வாறே, அறுவைக்குப் பின் கதிரியக்க அயோடின் வேண்டுமா என்பதும். தைராய்டுத் திசு அயோடினைத் தேடி உண்ணும் இயல்பையே அதற்கு எமனாக்கும் அந்தச் சிகிச்சை, 1940களில் அமெரிக்காவில் தொடங்கியது. 1963இல் பம்பாயில் அணுசக்தித் துறையார் நிறுவிய கதிரியக்க மருத்துவ மையத்தின் வழியே நம் நாட்டில் வேரூன்றிற்று. பரவிய புற்றுக்கு அது அருமருந்து. ஆனால் ஆபத்துக் குறைந்த சிறு புற்றுக்கு அறுவைக்குப் பின் அது இல்லாமலே இருந்துவிடலாம் என்று பிரான்சில் 776 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 2022இல் காட்டியிருக்கிறது.

புற்று என்ற பெயரையே நீக்கிவிட்ட நிகழ்ச்சியும் நடந்திருக்கிறது. உறைக்குள் அடங்கி, வெளியே படராத ஒருவகைப் பாப்பிலரிக் கட்டியை, அது தீங்கு செய்வதில்லை என்று கண்டு, 2016இல் உலக நோய்க்குறியியல் வல்லுநர்கள் கூடிப் புற்றுப் பட்டியலிலிருந்தே எடுத்து வேறு பெயர் சூட்டினர். அறுவைக்குப் பின் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு இன்றும் தம்மைப் புற்றுநோயாளி என்று எண்ணியிருப்பவர்களுள் சிலர் அப்பட்டியலில் இல்லாமற்போயிருக்கக்கூடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கழுத்துக் கட்டி எதையும் கவனிக்க வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. தானாகவே கையில் தட்டுப்படும் கட்டி, வாரக்கணக்கில் பெருக்கும் கட்டி, கல்லைப்போல் இறுகி அசையாத கட்டி, உடன் குரல் கம்முதல், விழுங்குவதில் தடை, கழுத்தின் பக்கத்தில் நெறி வீங்குதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. முதியவர்களிடம் அரிதாக வரும் அனாபிளாஸ்டிக் என்னும் வகை, சில வாரங்களிலேயே மூச்சுக்குழலை நெரித்துவிடும் கொடியது. சிறு வயதில் கழுத்தில் கதிர் மருத்துவம் செய்துகொண்டவர்களும் கவனமாக இருக்க வேண்டியவர்கள். 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபின், கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் தைராய்டுப் புற்று மிகுந்ததை உலகம் கண்டது.

குடும்ப வழியில் வரும் ஒருவகையைத் தனியே சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நேரே தொடர்புடையது. மெடுல்லரி என்னும் இவ்வகை, தைராக்சின் சுரக்கும் உயிரணுக்களில் தோன்றுவதில்லை. கால்சிடோனின் என்ற வேறொரு சுரப்புநீரைத் தரும் உயிரணுக்களில் தோன்றுகிறது. கதிரியக்க அயோடின் இதனிடம் பலிக்காது. சிலருக்கு இப்புற்றுடன் சிறுநீரகத்தின் மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி உண்டாவதை 1961இல் சிப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் சுட்டிக் காட்டினார். நாளமில்லாச் சுரப்பிகள் பலவற்றில் ஒருங்கே கட்டி தோன்றும் இந்நிலைக்குக் காரணம் ரெட் என்னும் மரபணுவில் நேரும் பிழை என்பது 1993இல் தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இப்பிழை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் மணந்தாலும் அயலில் மணந்தாலும் இக்கணக்கு மாறாது. இரத்தத்தைச் சோதித்துப் பிழை இருப்பதைக் கண்டால், புற்றுத் தோன்றுமுன்னே, சிறு வயதிலேயே சுரப்பியை எடுத்துவிடுவது உயிரைக் காக்கும். மேலே சொன்ன சிறு பாப்பிலரிக்கு நேர் எதிரான நிலை இது. அங்கே பொறுத்தல் நன்று, இங்கே முந்துதல் நன்று. அட்ரீனல் கட்டி இருப்பதை அறியாமல் கழுத்தில் கத்தி வைத்தால், மயக்க மருந்தின்போது இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி மேசையிலேயே உயிர் போகக்கூடும். ஆகவே தாயின் கட்டி எந்த வகையைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை தெரியுமுன் அறுவைக்கு நாள் குறிப்பது பொருந்தாது.

அந்த விடையைத் தருவது ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்து, ஆறு படிகளில் ஒன்றாக வகுத்துச் சொல்வார்கள். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதற்காக இப்பரிசோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட முடிச்சுக்கு, ஐயத்துக்குரிய நெறி முதலிய வேறு அடையாளங்கள் இல்லாதவரையில், பெரும்பாலும் ஊசியே வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தைராய்டுச் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

ஆகவே மும்பையில் இருக்கும் மகன் தொலைபேசியில் முதலிற் கேட்க வேண்டியது, ஆபரேஷன் என்றைக்கு என்பதன்று. கட்டி எத்தனை மில்லிமீட்டர், அது மூச்சுக்குழலையோ குரல் நரம்பையோ ஒட்டியிருக்கிறதா, கழுத்து நெறிகளில் ஏதேனும் எழுதியிருக்கிறதா, ஊசிப் பரிசோதனை செய்தார்களா, செய்திருந்தால் எத்தனையாவது படி, எந்த வகை என்பவற்றைக் கேட்க வேண்டும். மருத்துவர் மலையாளத்தில் சொல்ல, அம்மா தமிழில் புரிந்துகொண்டு, அக்காள் மகன் அதைச் சுருக்கிச் சொல்லும்போது பாதிச் செய்தி வழியிலேயே போய்விடும். அறிக்கையையே படம் பிடித்து அனுப்பச் சொல்வது மேல்.

அறுக்காமல் கவனித்து வருவதென்று முடிவானால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஸ்கேன் எடுப்பது நல்லது. இந்த ஆண்டு பாலக்காட்டிலும், அடுத்த ஆண்டு கோயம்புத்தூரிலும், மகன் வீட்டுக்கு வந்தபோது மும்பையிலுமாக எடுத்தால், அளப்பவர் கை மாறுவதாலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடக்குறையத் தெரியும். அது வளர்ச்சியென்று எண்ணி வீணாக அஞ்ச நேரும். இடம் மாறித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய அறிக்கைகளையும் படங்களையும் ஒரு கோப்பில் போட்டு அம்மாவின் பயணப் பையிலேயே வைத்துவிட வேண்டும். புதிய இடத்தில் கழுத்தின்மேல் கருவியை வைக்குமுன் அந்தக் கோப்பைத்தான் முதலில் மேசைமேல் எடுத்து வைக்க வேண்டும்.